பேர்கன் பயணம்: எதை முன்பே முடிப்பது, எதை அன்று காலை வரை விட்டுவைப்பது

நார்வேயின் மேற்குக் கரையில் இருக்கும் பேர்கனுக்கு முதல்முறை வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். செவ்வாய் மலை, புதன் ஃபியோர்ட் (மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் குறுகிய கடல்நீர் வழி), வியாழன் அருங்காட்சியகம் என்று ஊரிலிருந்து கிளம்பும்போதே எல்லாவற்றையும் எழுதி முடித்துவிடுகிறார்கள். ஆண்டுக்கு 200 நாளுக்கு மேல் மழை பெய்யும் ஊரில் அந்த அட்டவணை நிற்காது. செவ்வாயன்று மலை மேகத்துக்குள் மறைந்திருக்கும். வியாழன் பளிச்சென்று வெயில் அடிக்கும்போது அவர்கள் கட்டடத்துக்குள் இருப்பார்கள்.

விசா, விமானம், அறை, ஃபியோர்ட் டிக்கெட் ஆகியவற்றை மாதக்கணக்கில் முன்பே முடிக்க வேண்டும். மலையை மட்டும் அன்று காலை ஜன்னலைத் திறந்து பார்த்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசை இதையொட்டித்தான் அமைந்திருக்கிறது. வரிசையை மாற்றினால் பணமோ நாளோ வீணாகும்.

## 1. முதலில் மாதம்

மற்ற எல்லாமே இதைப் பொறுத்தது. மே, ஜூன் மாதங்களில் மழை ஒப்பீட்டளவில் குறைவு, பகல் நீளம் அதிகம். ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு 11 மணி தாண்டும். ஜூலை, ஆகஸ்டில் இன்னும் கொஞ்சம் கதகதப்பு இருக்கும், கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும். செப்டம்பர் முதல் குளிர்காலம் வரை மழை கொட்டும். டிசம்பரில் மாலை மூன்றரைக்கே இருட்டிவிடும்.

முதல் பயணம் என்றால் மே பிற்பாதியிலிருந்து ஜூன் இறுதிக்குள் வரச் சொல்வேன். அதில் இரண்டு எச்சரிக்கை. மே 17 நார்வேயின் தேசிய நாள். ஊர்வலம் பார்க்க அருமையான நாள், ஆனால் கடைகள் மூடியிருக்கும், அறைகள் நிரம்பிவிடும். மே கடைசியில் தொடங்கும் பேர்கன் சர்வதேச இசை, கலை விழாவின்போதும் அறை கிடைப்பது கடினம்.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். நள்ளிரவுச் சூரியனையும் வடதுருவ ஒளியையும் பார்க்க வேண்டும் என்று சிலர் பேர்கனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பேர்கன் இருப்பது சுமார் 60 டிகிரி அட்சரேகையில். நள்ளிரவுச் சூரியன் இங்கே கிடையவே கிடையாது. ஒளியைப் பார்ப்பது மிக அபூர்வம், அதுவும் மேகம் விலகினால்தான். அவை வேண்டுமென்றால் துரோம்சோ போன்ற வடக்கு ஊர்களுக்குத்தான் போக வேண்டும்.

## 2. விசா

நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா கட்டாயம். பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளாவது முன்பாக விண்ணப்பித்திருக்க வேண்டும். அந்த 15 நாளை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். கோடைக்கு முன்னால் விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பதற்கே வாரங்கள் ஆகும். 3 மாதம் முன்பே தொடங்குவது நிம்மதி.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். அதிக நாள் தங்கப்போகும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். பாரிஸில் 5 நாள், பேர்கனில் 3 நாள் என்றால் உங்கள் விண்ணப்பம் பிரான்ஸுக்கு. நார்வே விசா எளிது என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாற்றி விண்ணப்பித்தால் மறுக்கப்பட வாய்ப்பு உண்டு.

கடவுச்சீட்டு திரும்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும், 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும், 2 பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் முழுவதற்கும் எடுக்க வேண்டும். விசா கைக்கு வரும் முன் பணம் திரும்பாத டிக்கெட் எதையும் வாங்காதீர்கள். அறையையும் ரத்து செய்யக்கூடிய வகையிலேயே பதிவு செய்யுங்கள்.

## 3. விமானம்: நேராக பேர்கனில் இறங்குங்கள்

ஓஸ்லோ வழியாக வரும் டிக்கெட் சில சமயம் மலிவாகத் தெரியும். ஆனால் வெளிநாட்டிலிருந்து ஓஸ்லோவில் இறங்கி உள்நாட்டு விமானம் மாறும்போது, பல டிக்கெட்டுகளில் பெட்டியை அங்கேயே எடுத்து, சுங்கம் கடந்து, மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். இது தெரியாமல் கைப்பையோடு அடுத்த வாயிலுக்கு ஓடுகிறவர்கள் பேர்கனில் பெட்டிக்காகக் காத்து நிற்பார்கள். ஆம்ஸ்டர்டாம், கோபன்ஹேகன், ஃபிராங்க்ஃபர்ட் போன்ற இடங்களில் மாறி நேராக பேர்கனுக்கு வந்தால் பெட்டியும் சுங்கமும் கடைசியில் பேர்கனிலேயே முடிந்துவிடும்.

குடிநுழைவுச் சோதனை மட்டும் முதலில் கால் வைக்கும் ஷெங்கன் விமான நிலையத்தில் நடக்கும். அந்த வரிசை நீளமானது. விமானம் மாற 2 மணி நேரத்துக்குக் குறைவாக இருக்கும் டிக்கெட்டை நான் யாருக்கும் வாங்கச் சொல்வதில்லை.

ஓஸ்லோவையும் பார்க்க வேண்டுமா? அப்படியென்றால் ஓஸ்லோவில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் பேர்கன் வந்து, பேர்கனிலிருந்து நாடு திரும்புங்கள். கிட்டத்தட்ட 7 மணி நேர ரயில் பயணம். 1,222 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஃபின்ஸே நிலையத்தைக் கடக்கும்போது ஜூனில்கூடத் தரையில் பனி கிடக்கும். டிக்கெட் விற்பது வீ நிறுவனம். விற்பனை தொடங்கியதும் வாங்கினால் விலை நன்றாகவே குறைவு.

## 4. அறை: ரயில் தடத்தை வைத்துத் தேடுங்கள்

நகர மையத்தில், மீன் சந்தைக்கும் பீபார்க்கன் இலகு ரயில் நிறுத்தத்துக்கும் நடுவே அறை இருந்தால் எல்லா இடத்துக்கும் நடந்தே போகலாம். விலை தாங்கவில்லை என்றால் நகரை விட்டுத் தள்ளி எங்கோ ஒரு வீட்டைப் பிடிப்பதை விட, பீபானன் எனப்படும் இலகு ரயிலின் ஏதாவது ஒரு நிறுத்தத்துக்குப் பக்கத்தில் தேடுங்கள். பேர்கன் மேடும் பள்ளமுமான ஊர். வரைபடத்தில் 600 மீட்டர் என்று காட்டுவது, பெட்டியை இழுத்துக்கொண்டு ஈரமான கல் பாவிய ஏற்றத்தில் ஏறும்போதுதான் எவ்வளவு தூரம் என்று புரியும்.

3 நாளுக்கு மேல் தங்கினால், சைவமாக இருந்தால், குழந்தைகள் கூட வந்தால் சமையலறை உள்ள இடம்தான் சரி. சாதாரண உணவகத்திலேயே ஒரு தட்டு 200 குரோனரைச் சுலபமாகத் தாண்டிவிடும். ஒரு வேளை சமைத்தாலே அறை வாடகையின் வித்தியாசம் ஈடாகும். ஹோட்டல் என்றால் காலை உணவு சேர்ந்ததா என்று பாருங்கள். நார்வே ஹோட்டல்களில் காலைச் சாப்பாடு வயிறு நிறையக் கிடைக்கும்.

## 5. ஃபியோர்ட் நாளை முன்பதிவு செய்யுங்கள்

மழை வருமா என்று தெரியாமல் எப்படிப் பதிவு செய்வது என்று எல்லோரும் கேட்கிறார்கள். மழை பெய்தால் ஃபியோர்ட் கெட்டுப்போவதில்லை. படகில் போகும்போது பார்ப்பது இரு பக்கமும் நிற்கும் பாறைச் சுவர்களையும் அருவிகளையும். மழை நாளில் அருவிகள் பெருகும், வறண்டு கிடந்த பாறைகளிலும் வெள்ளிக் கோடாகத் தண்ணீர் இறங்கும். மலை உச்சியிலோ மழை நாளில் வெள்ளைத் திரைதான் தெரியும். அதனால்தான் தேதி குறிக்க வேண்டியது ஃபியோர்டுக்கு. கோடையில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பது இன்னொரு காரணம்.

பேர்கனில் 2 நாள்தான் இருக்கிறீர்கள் என்றால் நகரத் துறைமுகத்திலிருந்தே கிளம்பும் மொஸ்திராவ்மன் படகு போதும். மூன்று, மூன்றரை மணி நேரத்தில் போய்த் திரும்பலாம். குறுகிய நீர்வழிக்குள் படகு புகுந்து அருவிக்குப் பக்கத்தில் போகும். பாதி நாள் மிச்சமாகும்.

3 நாளுக்கு மேல் இருந்தால் ஒரு முழு நாளை நேரோய்ஃபியோர்டுக்குக் கொடுங்கள். ரயில், மலை ரயில், படகு, பேருந்து என்று மாறிமாறிச் சுற்றி வரும் வழி இது. நிறுவனங்கள் இதை ஒரே டிக்கெட்டாக விற்கின்றன. தனித்தனியாகவும் வாங்கலாம், சில நாட்களில் அது மலிவு. ஆனால் நேரங்கள் பொருந்துகின்றனவா என்று நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதில் திசை முக்கியம். பலர் முதலில் ரயிலில் வோஸ் என்ற ஊருக்குப் போய், படகில் ஃபியோர்ட் கரை ஊரான ஃபுலோம் வந்து, கடைசியில் மிர்டால் நிலையத்தில் ரயில் மாறித் திரும்புகிறார்கள். நான் எதிர்த்திசையில் போகச் சொல்வேன். காலையில் பேர்கனிலிருந்து ரயிலில் 2 மணி நேரம் போல, மிர்டால். அங்கே மாறி ஃபுலோம் ரயில். 20 கிலோமீட்டரில், சுமார் ஒரு மணி நேரத்தில், 860 மீட்டருக்கு மேல் கீழிறங்கிக் கடல் மட்டத்துக்கு வந்துவிடும். ஃபுலோமிலிருந்து குட்வாங்கனுக்குப் படகு 2 மணி நேரம். பிறகு பேருந்தில் வோஸ், அங்கிருந்து ரயிலில் பேர்கன். காரணம் இதுதான்: மாலையில் ஏதாவது ஒன்று தாமதமானால் வோஸிலிருந்து பேர்கனுக்கு அடுத்தடுத்து ரயில் உண்டு. மிர்டாலிலிருந்து குறைவு. அது மலை மேல் ஒற்றையாக இருக்கும் நிலையம், சாலையும் கிடையாது. அங்கே ரயிலைத் தவறவிட்டால் குளிரில் மணிக்கணக்கில் உட்கார வேண்டியதுதான்.

ஃபுலோம் ரயில் வழியில் ஷோஸ்ஃபோஸ் அருவி முன்னால் சில நிமிடம் நிற்கும். எல்லோரும் இறங்கி மரத்தளத்துக்கு ஓடுவார்கள். அருவியின் சாரல் அந்தத் தளம் வரை அடிக்கும், பலகை முழுக்க ஈரமாக வழுக்கும். கேமராக் கண்ணாடியைத் துடைக்க உலர்ந்த துணி ஒன்றைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். முதியவர்கள் பெட்டி வாசலில் நின்றே பார்க்கட்டும், அங்கிருந்தும் நன்றாகத் தெரியும்.

பெரிய பெட்டிகளோடு இந்தச் சுற்றைச் செய்யாதீர்கள். ஓஸ்லோவிலிருந்து வரும் வழியிலேயே ஃபுலோமையும் முடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் ஒரே நாளில் நான்கைந்து வண்டி மாறி, ஒவ்வொன்றிலும் பெட்டியை ஏற்றி இறக்கி, படகில் தூங்கிவிடுகிறார்கள். அப்படித்தான் செய்ய வேண்டுமென்றால் ஃபுலோமிலோ வோஸிலோ ஓர் இரவு தங்குங்கள்.

## 6. பெட்டியில் என்ன, என்ன கூடாது

குடையை நம்பி வராதீர்கள். கடற்காற்றோடு மழை பக்கவாட்டில் அடிக்கும், குடை முதல் நாளே மடங்கிவிடும். தலைமூடி வைத்த நல்ல மழைச்சட்டை, முடிந்தால் மழைக்கால்சட்டை, தண்ணீர் புகாத, பிடிமானம் உள்ள காலணி. இந்த மூன்றில்தான் செலவு செய்ய வேண்டும். தடிமனான ஒரே கோட்டை விட மெல்லிய கம்பளி உள்ளாடை, அதன் மேல் ஸ்வெட்டர், அதன் மேல் மழைச்சட்டை என்று அடுக்கி அணிவது நல்லது. மலை ஏறும்போது வியர்க்கும், நின்றால் குளிரும். அப்போது கழற்றவும் போடவும் வசதியாக இருக்க வேண்டும். ஜீன்ஸ் நனைந்தால் அன்று முழுக்க உலராது. ஜூலையிலும் இதே துணிதான்.

சாப்பாட்டுப் பொருளில் கவனம் தேவை. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து இறைச்சி, பால் பொருட்களை நார்வேக்குள் கொண்டுவரக் கூடாது. அம்மா கட்டிக்கொடுத்த நெய்யும் பால்கோவாவும் அதில் அடக்கம். உருளைக்கிழங்குக்கும் தடை உண்டு. பருப்புப் பொடி, இட்லிப் பொடி, ரசப் பொடி, அரிசி, புளிக்காய்ச்சல் இவற்றை நன்றாக மூடிக் கொண்டுவாருங்கள். ஏதாவது விட்டுப்போனால் கவலை வேண்டாம். நார்வேயில் ஈழத்தமிழர்கள் பல பத்தாண்டுகளாக வாழ்கிறார்கள், பேர்கனிலும் இருக்கிறார்கள். ஆசிய மளிகைக் கடைகளில் பருப்பும் மிளகாய்த்தூளும் கிடைக்கும்.

மருந்துகளை மருத்துவர் சீட்டோடு, அதன் பெட்டியிலேயே வைத்துக் கைப்பையில் கொண்டுவாருங்கள். இங்கே சுவர்ப் பொருத்திகள் இரண்டு உருண்டை முனை ஐரோப்பிய வகை, மூன்று முனைச் செருகி நுழையாது.

## 7. இறங்கியதும் ஊருக்குள் போவது

ஃபிளெஸ்லாண்ட் விமான நிலையத்திலிருந்து பீபானன் இலகு ரயில் நகர மையத்தின் பீபார்க்கன் வரை வருகிறது. சுமார் 45 நிமிடம். நகரத்துக்குள் எடுக்கும் அதே சாதாரண டிக்கெட்தான் இதற்கும். விமான நிலையப் பேருந்து சுமார் அரை மணியில் வரும், கட்டணம் பல மடங்கு. டாக்சி தேவையே இல்லை.

டிக்கெட்டை ஏறும் முன் வாங்க வேண்டும். நிறுத்தத்திலுள்ள இயந்திரத்திலோ ஷிஸ் என்ற போக்குவரத்து நிறுவனத்தின் செயலியிலோ வாங்கலாம். உள்ளே தடுப்புக் கதவும் கிடையாது, நடத்துநரும் கிடையாது. அதைப் பார்த்து யாரும் கேட்க மாட்டார்கள் என்று எண்ண வேண்டாம். சோதகர்கள் திடீரென்று ஏறுவார்கள், சுற்றுலாப் பயணி என்பதற்காகச் சலுகை இல்லை, அபராதம் கடுமையாக இருக்கும். செயலியைக் கிளம்பும் முன்பே கைப்பேசியில் ஏற்றி, உங்கள் வங்கி அட்டை அதில் வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பணத்தை மாற்றவே வேண்டாம். ஒரு பாட்டில் தண்ணீருக்குக்கூட அட்டைதான். வெளிநாட்டுப் பயன்பாட்டுக்கு அட்டையைத் திறந்து வையுங்கள், இரண்டாவதாக வேறொரு வங்கியின் அட்டையும் வைத்திருங்கள். ஆனால் தண்ணீர் பாட்டில் வாங்குவதே வீண். குழாய்த் தண்ணீர் அருமையாக இருக்கும்.

## 8. மலை: தெளிந்த நேரம் வந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போங்கள்

தினமும் காலையில் ஈர் என்ற நார்வே வானிலைச் செயலியைப் பாருங்கள். நாள் முழுவதற்குமான படத்தைப் பார்த்து மனம் தளராதீர்கள், மணிவாரியாகப் பாருங்கள். இங்கே நாள் முழுக்க மழைக்குறி இருக்கும் நாளிலும் நடுவே 2 மணி நேரம் தெளிவது சாதாரணம். அந்த 2 மணி நேரம்தான் உங்கள் மலை நேரம். அருங்காட்சியகத்துக்குள் இருந்தாலும் கிளம்பிவிடுங்கள்.

நகர நடுவிலிருந்து ஃபுளோய்பானன் என்ற கம்பிவட ரயில் 320 மீட்டர் உயரமுள்ள ஃபுளோயன் மலைக்கு ஏழெட்டு நிமிடத்தில் ஏற்றிவிடும். கீழ் நிலையம் மீன் சந்தையிலிருந்து இரண்டு நிமிட நடை. கோடையில் பெரிய பயணக் கப்பல்கள் நிற்கும் நாட்களில் காலை 10 மணியிலிருந்து பிற்பகல் வரை வரிசை தெருவுக்கு வந்துவிடும். கப்பல் பயணிகள் மாலைக்குள் திரும்பிவிடுவார்கள். எனவே காலை 9க்கு முன், அல்லது இரவு 8க்குப் பிறகு. ஜூனில் இரவு 9 மணிக்கும் நல்ல வெளிச்சம். அந்த நேரத்தின் சாய்ந்த வெயிலில் துறைமுகமும் தீவுகளும் தெரிகிற அழகு பகலில் கிடையாது.

போகும் வழிக்கு மட்டும் டிக்கெட் எடுத்து, இறங்கும்போது நடந்து வாருங்கள். முக்கால் மணி நேரம் போல ஆகும். காட்டுப் பாதை கடைசியில் பழைய மரவீடுகளுக்கு இடையே வந்து முடியும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ரயிலே நல்லது.

உல்ரிக்கன் 643 மீட்டர், பேர்கனைச் சூழ்ந்த ஏழு மலைகளில் உயரமானது. இலகு ரயிலின் இரண்டாம் தடத்தில் ஹவ்கெலான் மருத்துவமனை நிறுத்தத்தில் இறங்கி நடந்தால் கம்பிவட வண்டியின் அடிவாரம். காற்று பலமாக இருந்தால் வண்டி ஓடாது. கிளம்பும் முன் அவர்கள் இணையப் பக்கத்தைப் பாருங்கள்.

நன்றாக நடப்பவர்கள் உல்ரிக்கனிலிருந்து ஃபுளோயன் வரை மலை மேலேயே நடக்கலாம். ஐந்தாறு மணி நேரம். உல்ரிக்கனில் தொடங்குவதுதான் சரி. உயரத்தை வண்டியில் ஏறிவிடலாம், முடிகிற இடத்திலும் ரயில் இருக்கும். மேலே மரமே இல்லாத வெட்டவெளி, மூடுபனி பத்து நிமிடத்தில் சூழ்ந்துவிடும். மேகம் இறங்குவதைப் பார்த்தால் திரும்பிவிடுங்கள். நேரத்தோடு திரும்புவதில் வெட்கமில்லை என்பது நார்வேக்காரர்கள் பள்ளியிலேயே படிக்கும் மலைவிதி. பாதி வழி வந்துவிட்டோமே என்று முன்னே போகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

## 9. மழை நேரத்துக்கு ஒதுக்க வேண்டியவை

பிரிக்கன் என்ற பழைய மரக்கட்டட வரிசை, 1979 முதல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். பெரும்பாலோர் முகப்பைப் படமெடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். விஷயம் பின்னால்தான் இருக்கிறது. வீடுகளுக்கு இடையிலுள்ள குறுகலான சந்துகளில் நுழையுங்கள். சாய்ந்த சுவர்கள், வெளியே தொங்கும் மரப்படிகள், சிறு பட்டறைகள், எல்லாவற்றின் மேலும் ஈர மரத்தின் வாசனை. மேல்மாடங்கள் துருத்தி நிற்பதால் தூறலில் பாதி நனைய மாட்டீர்கள். பலகைத் தரை வழுக்கும், குதிகால் செருப்பு வேண்டாம்.

பக்கத்திலேயே பிரிக்கன் அருங்காட்சியகம், ஹோகோன் மன்னர் மண்டபம். நகர ஏரியைச் சுற்றி கோடே ஓவியக் கூடங்கள், எட்வர்ட் மூங்கின் ஓவியங்கள் அங்கே நிறைய உண்டு. பலவற்றைப் பார்ப்பதாக இருந்தால் பேர்கன் அட்டை என்ற சுற்றுலாச் சலுகை அட்டை லாபம். ஒன்றிரண்டுதான் என்றால் வேண்டாம்.

## 10. சாப்பாடும் ஞாயிற்றுக்கிழமையும்

சனிக்கிழமை மாலையே மளிகை வாங்கி வைத்துவிடுங்கள். ஞாயிறன்று கீவி, ரேமா 1000 போன்ற கடைகள் எல்லாம் மூடியிருக்கும். திறந்திருக்கும் சிறு கடைகளில் விலை அதிகம்.

திறந்தவெளி மீன் சந்தையில் நண்டும் இறாலும் கண்ணைப் பறிக்கும். எடை போட்டு விற்பவை நிறைய. சமைக்கச் சொல்லும் முன் மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள், அங்கே அதை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். மீன் சாப்பிடுகிறவர்கள் பாலாடை சேர்த்த பேர்கன் மீன் சூப்பையும் மீன் வடை போலிருக்கும் ஃபிஸ்கேகாக்கேயையும் சிறு கடைகளில் சாப்பிட்டால் செலவு பாதிதான். சைவர்களுக்கு பேக்கரிகளின் இலவங்கப்பட்டை ரொட்டியான ஷில்லிங்ஸ்பொல்லே கைகொடுக்கும். தெருவோரக் கடைத் தொத்திறைச்சிகளில் பெரும்பாலும் பன்றி இறைச்சி இருக்கும், விலக்குகிறவர்கள் கேட்டு வாங்குங்கள்.

## 11. திரும்பும் நாள்

காலிப் புட்டிகளையும் கேன்களையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். வாங்கும்போதே 2, 3 குரோனர் முன்வைப்பாகச் சேர்த்து வாங்கியிருப்பார்கள். கடை வாசலிலுள்ள இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும், அதைக் கல்லாவில் கழித்துக்கொள்ளலாம்.

வேறொரு ஷெங்கன் நாட்டில் விமானம் மாறுகிறீர்கள் என்றால் வெளியேறும்போது நடக்கும் கடவுச்சீட்டுச் சோதனை அந்த விமான நிலையத்தில்தான் நடக்கும். அங்கேயும் 2 மணி நேரம் இருக்கட்டும். இலகு ரயிலின் 45 நிமிடத்தைக் கணக்கில் சேர்த்து, விமானம் கிளம்ப 3 மணி நேரம் முன்பே அறையைக் காலி செய்யுங்கள். காலை முதல் விமானம் என்றால் அந்நேரத்தில் இலகு ரயில் ஓடுகிறதா என்று முந்தின இரவே செயலியில் பாருங்கள். இல்லையென்றால் விமான நிலையப் பேருந்தின் நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு தூங்கப் போங்கள்.